உங்கள் பங்கில் மூப்பர் உண்டா?



பொத்தேரியிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் என் மேசைமீது இருக்கிறது. அதைப் படித்த நாள்முதல் என் மனத்தை விட்டு அது அகலவில்லை. ஆகவே, இம்மாதம் அக்கடிதத்தையே பொருளாகக் கொண்டு உங்களோடு சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே இரயிலில் செல்வோர் பொத்தேரியை அறிவர். ஒருபுறம் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த கட்டடங்கள். சற்றுத் தெற்கே மறைமலை நகர்த் தொழிற்சாலைகள். பெருஞ்சாலையை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகள். பல ஊர்களிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் வந்தோர் கூடி வாழும் இடம் அது. கடிதம் எழுதிய தாயின் குடும்பமும் நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறியதே. கணவரும் இரு பிள்ளைகளும் வயது முதிர்ந்த மாமனாரும் உடன் வாழ்கின்றனர். அம்மாமனார் சொந்த ஊரில் முப்பத்தைந்து ஆண்டுகள் உபதேசியாராய்ப் பணியாற்றியவர்.

அத்தாயின் மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். அவனுடைய நண்பன் பிற சபையைச் சேர்ந்தவன். நண்பனின் தந்தையை அவர்தம் சபையார் மூப்பராகத் தேர்ந்தெடுத்தனராம். வீட்டுக்கு வந்த மகன் கேட்டான்: “அம்மா, நம் விவிலியத்திலும் மூப்பர் என்று வருகிறதே. நம் கோவிலில் மட்டும் ஏன் மூப்பர் இல்லை?” தாய்க்கு விடை தெரியவில்லை. மாமனாரைக் கேட்டார். அவர் சற்றே சிரித்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கடிதம் இத்தோடு முடிந்திருந்தால் இரண்டு வரியில் விடை எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால், இறுதியில் இன்னொரு செய்தி இருந்தது. அதே குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வாழ்ந்த கத்தோலிக்க முதியவர் ஒருவர் சென்ற ஆண்டு மூன்று மாதம் நோயாய்க் கிடந்து இறந்தார். பங்குத்தந்தைக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. நோயில்பூசுதல் பெறாமலே அவர் கண்மூடினார். மாமனாருக்கு அவர் நோயுற்றிருப்பது தெரியும். போய்ப் பார்த்துச் செபம் சொல்லிவர அவர் பலமுறை புறப்பட்டாராம். “இது நம் ஊர் அல்ல மாமா, அழையாத வீட்டுக்கு நாம் போகக்கூடாது” என்று சொல்லித் தடுத்தது நான்தான் என எழுதியிருக்கிறார் அத்தாய். “நான் செய்தது தவறா?” என்பதே கடிதத்தின் கடைசி வரி.

மகன் கேட்ட கேள்வியும் தாய் கேட்ட கேள்வியும் வெவ்வேறு போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே. முதலில் மகனுக்கு விடை கூறுவோம்.

மூப்பர் என்போர் திருச்சபைக்கு முன்பே இறைமக்களிடையே இருந்தோர். பாலைநிலத்தில் மக்களின் முறையீட்டைத் தனியே சுமக்க இயலாது தவித்த மோசே இறைவனிடம் தம் மனச்சுமையைக் கொட்டினார். மக்களின் மூப்பருள் எழுபது பேரைக் கூட்டிவருமாறு ஆண்டவர் பணித்தார். மோசேயின்மீது இருந்த ஆவியில் அவர்களுக்கும் பங்களித்தார். எண்ணாகமத்தின் பதினொன்றாம் அதிகாரத்தில் இதைப் படிக்கிறோம். அந்த எழுபது பேருக்கும் அளிக்கப்பட்டது மக்களின் பாரத்தில் ஒரு பங்கே என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

திருத்தூதர்களின் காலத்திலும் இதே முறை தொடர்ந்தது. புனித சின்னப்பரும் பர்னபாவும் தாங்கள் நிறுவிய ஒவ்வொரு சபையிலும் மூப்பரை ஏற்படுத்தி, நோன்பிருந்து செபித்து, அவர்களை ஆண்டவரிடம் ஒப்படைத்தனர். எருசலேமில் கூடிய முதற் சங்கத்தில் திருத்தூதரோடு மூப்பரும் அமர்ந்தனர். எபேசு நகரத்து மூப்பரை மிலேத்துக்கு வரவழைத்துச் சின்னப்பர் விடைபெற்ற காட்சி கண்ணீரை வரவழைப்பது. மந்தையைக் காக்கத் தூய ஆவியே அவர்களைக் கண்காணிப்பாளராக வைத்தார் என்று அங்கே அவர் நினைவூட்டுகிறார்.

இவ்விடங்களிலெல்லாம் மூல மொழியாகிய கிரேக்கத்தில் வழங்கும் சொல் ‘பிரெஸ்பிட்டெரோஸ்’ என்பதாகும். வயதில் மூத்தவர் என்பதே அதன் நேர்ப்பொருள். காலப்போக்கில் இச்சொல்லே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் குருவைக் குறிக்கும் பெயராய் உருமாறியது. ஆங்கிலத்தில் ‘பிரீஸ்ட்’ என்பது அதன் வழிவந்ததே. சிரிய மொழியில் குருவைக் குறிக்கும் ‘கஷீஷா’ என்ற சொல்லுக்கும் மூத்தவர் என்பதே பொருள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைசாட்சியாய் மரித்த அந்தியோக்கு ஆயர் புனித இஞ்ஞாசியார் தம் கடிதங்களில் ஆயர், மூப்பர், திருத்தொண்டர் என்னும் மூவகைப் பணியாளரையும் பிரித்துக் குறிப்பிடுகிறார். இம்மூன்றும் இன்றுவரை நம்மிடையே தொடர்கின்றன. குருப்பட்டத்தின்போது ஆயர் கைகளை விரித்து வைத்தபின் அங்குள்ள குருக்கள் ஒவ்வொருவராய் வந்து புதுக்குருவின் தலைமீது கை வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூப்பர் குழு தன் புதிய உறுப்பினரை ஏற்றுக்கொள்ளும் செயல் அது.

ஆகவே மகனே, நம் கோவிலிலும் மூப்பர் உண்டு. ஞாயிறுதோறும் பீடத்தின்முன் நிற்கும் பங்குத்தந்தை அவரே. முப்பது வயது நிரம்பாத இளங்குருவாயினும் அவர் மூப்பரே.

அப்படியாயின் உன் நண்பனின் சபையில் குருவல்லாத ஒருவர் மூப்பராவது எங்ஙனம்? இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவா நகரில் கால்வீன் வகுத்த முறையில், போதகரோடு சேர்ந்து சபையின் ஒழுங்கைக் கவனிக்கும் பொறுப்பு பொதுநிலையினரான மூப்பருக்கும் அளிக்கப்பட்டது. ஸ்காத்லாந்து நாட்டுச் சபை அம்முறையைத் தழுவியது. அந்நாட்டு மிஷனரிமார் நம் செங்கற்பட்டுப் பகுதிக்கும் வந்து பணியாற்றினர். புனித கொலம்பாவின் பெயர் தாங்கிய செங்கற்பட்டுப் பள்ளி அவர்கள் வழிவந்ததே. அம்மரபினர் 1908-இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையிலும், பின்னர் 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தொடங்கிய தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தனர். குருத்துவத்தைப்பற்றி அவர்கள் கொள்கையும் நம் கொள்கையும் வேறுபடுகின்றன. எனினும், பொதுநிலையினர் சபையின் பாரத்தைத் தோளில் ஏற்கவேண்டும் என்று அவர்கள் காட்டும் அக்கறையை நாம் மதிப்போடு நோக்கவேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் பிரிந்த சகோதரரிடம் உள்ள நன்மைகளைப் போற்றக் கற்பித்தது அன்றோ?

இனித் தாயின் கேள்விக்கு வருவோம்.

உங்களில் நோயுற்றவர் இருந்தால் சபையின் மூப்பரை அழைக்கட்டும். அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும் என்னும் கருத்தைப் புனித யாகப்பர் தம் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதினார். இங்கே மூப்பர் என்போர் வயதில் பெரியவரோ ஊர்த்தலைவரோ அல்லர், குருத்துவ அருட்பொழிவு பெற்றவரே என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1551-இல் தெளிவாக்கியது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டமும் குரு மட்டுமே இவ்வருட்சாதனத்தை வழங்க இயலும் என்று உரைக்கிறது. எனவே, உங்கள் மாமனார் அம்முதியவரின் வீட்டுக்குச் சென்றிருந்தாலும் நோயில்பூசுதலை அவர் அளித்திருக்க முடியாது.

ஆனால், யாகப்பர் கூறியதை மீண்டும் கவனியுங்கள். நோயாளி மூப்பரை அழைக்கவேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் எப்படி அழைப்பார்? யாரேனும் ஒருவர் அவருக்காக எழுந்து நடக்கவேண்டும். அந்த யாரேனும் ஒருவர் இல்லாது போனதுதான் உங்கள் குடியிருப்பில் நேர்ந்த குறை. அந்த ஒருவராய் இருக்கத்தான் உங்கள் மாமனார் புறப்பட்டார்.

குருவுக்கும் மக்களுக்கும் இடையே இவ்வாறு நடந்தவர்களால்தான் நம் விசுவாசம் இந்நாள்வரை வந்து சேர்ந்தது என்று சொல்வது மிகையன்று. 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஊர் ஊராய் நடந்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களைக் கற்பித்தார். ஆனால், ஓர் ஊரில் தங்கும் நாட்கள் மிகச் சில. அவர் அடுத்த ஊருக்குப் போனபின் செபம் சொல்லிக்கொடுப்பவர் யார்? சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பவர் யார்? இதற்காக ஒவ்வோர் ஊரிலும் அவ்வூராருள் ஒருவரையே அவர் நியமித்தார். கணக்கப்பிள்ளை என்று அவர்கள் பெயர் பெற்றனர். இன்று நாம் உபதேசியார் என்றும் கோவில்பிள்ளை என்றும் அழைக்கும் மரபில் அவர்களே முன்னோர்.

கடலுக்கு அப்பால் ஈழநாட்டில் நேர்ந்தது இதனினும் பெரிது. 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் தருவதும் கொடிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே குரு இல்லை, திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. கோவாவிலிருந்து புறப்பட்ட யோசேப்பு வாஸ் அடிகளார், கூலியாள் வேடத்தில் தூத்துக்குடி வழியாக 1687-இல் அந்நாட்டை அடைந்தார். இரகசியமாய்ச் செபமாலையைக் காத்துவந்த குடும்பங்களைத் தேடிக் கண்டார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை அவருக்கு முதற் புகலிடமாயிற்று.

நாடு முழுவதற்கும் பல ஆண்டுகள் அவர் ஒருவரே குரு. ஓரிடத்தில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு இரவோடு இரவாய் மற்றோரிடம் நடக்கவேண்டும். திரும்பி வர ஓராண்டும் ஆகலாம். ஆகையால், இறைமக்கள் கூடிய இடந்தோறும் அவர் பொறுப்பாளரை ஏற்படுத்தினார். அவர்களுக்கு வழங்கிய பெயர்களைக் கேளுங்கள்: ஒருவர் மூப்பர், மற்றவர் அண்ணாவியார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டுவதும், குழந்தைகளுக்கு அவசரத் திருமுழுக்கு அளிப்பதும், நோயாளிகளைச் சந்தித்து நல்மரணத்திற்கு ஆயத்தம் செய்வதும், குரு வரும்போது அவரிடம் யார் யாருக்கு என்ன தேவை என்று எடுத்துரைப்பதும் இவர்தம் பணிகள். அடிகளார் 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பு நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அந்த மூப்பர்களுள் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும், அவர்கள் இன்றி அப்புனிதரின் உழைப்பு நிலைத்திருக்குமா என்று எண்ணிப்பாருங்கள்.

இவர்கள் குருக்கள் அல்லர். குருவின் இடத்தைப் பிடிக்க முயன்றவர்களும் அல்லர். குரு வரும்வரை விளக்கு அணையாமல் காத்தவர்கள். குருவாகிய மூப்பரும், குடும்பத்தாரிடையே உள்ள இந்த மூப்பரும் ஒருவருக்கொருவர் போட்டியல்ல. முன்னவர் அருட்சாதனங்களைக் கொணர்கிறார். பின்னவர் அவற்றுக்கு வீட்டுக்கதவைத் திறந்து வைக்கிறார்.

இக்காலத்தில் குருக்கள் இருக்கின்றனர். 2002-இல் நம் செங்கற்பட்டு மறைமாவட்டம் உருவானபின் ஆயரும் அருகிலேயே இருக்கிறார். பங்கு மேய்ப்புப்பணிப் பேரவைக்குத் திருச்சபைச் சட்டத்திலேயே இடம் உண்டு. பங்குத்தந்தையின் தலைமையில் கூடி, ஆலோசனை கூறி, மேய்ப்புப்பணிக்குத் துணைசெய்வதே அதன் நோக்கம். ஆனால், மனச்சான்றைத் தொட்டுச் சொல்லுங்கள். பேரவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் காலத்தில் நம்மிடையே எழும் பேச்சு எதைப்பற்றியது? எந்த ஊராருக்கு எத்தனை இடம்? எந்தச் சாதியாருக்கு முதல் மரியாதை? திருவிழாக் கொடியேற்றத்தில் யார் முன்னே நிற்பது? நன்கொடைக் கல்வெட்டில் யார் பெயர் மேலே? நோயாளிகளின் பட்டியல் ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுந்த சச்சரவை நான் எங்கும் கண்டதில்லை!

புனித இராயப்பர் தம் முதல் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் மூப்பருக்கு எழுதும்போது தம்மையும் உடன்மூப்பர் என்றே அழைத்துக்கொள்கிறார். திருத்தூதருள் தலைவர் அவர். ஆயினும் உங்களில் ஒருவன் என்கிறார். கட்டாயத்தினால் அன்றி மனமுவந்தும், இழிவான ஆதாயத்தை நாடாமலும், மக்கள்மீது அதிகாரம் செலுத்தாமல் அவர்களுக்கு முன்மாதிரியாகவும் மந்தையைப் பேணவேண்டும் என்பது அவர் தரும் அறிவுரை. மூப்பர் என்று ஒருவரை அடையாளம் காண இதைவிட வேறு அளவுகோல் வேண்டுவதில்லை.

சகோதரி, நீங்கள் செய்தது தவறா என்று கேட்டீர்கள். புது ஊரில் அடுத்த வீட்டார் மனம் நோகுமோ என்று அஞ்சினீர்கள். அந்த அச்சம் இயல்பானது. அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள நான் முன்வரமாட்டேன். ஆனால், அந்த அச்சத்தைத் தொடரவிடுவது தவறாகும். ஊரில் அனைவரையும் அனைவரும் அறிவர். யார் வீட்டில் காய்ச்சல் என்பது கிணற்றடியிலேயே தெரிந்துவிடும். பொத்தேரி போன்ற இடத்தில் எதிர்வீட்டாரின் பெயரும் தெரியாது. ஆகவே, மூப்பர் மிகவும் தேவைப்படும் இடம் அதுவே. தென்கோடிக் கிராமத்தைவிட உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புதான் யோசேப்பு வாஸ் அடிகளார் கண்ட ஈழநாட்டுக்கு நெருக்கமானது என்பேன். அங்கே சட்டம் மக்களைப் பிரித்து வைத்தது. இங்கே பூட்டிய கதவு பிரித்து வைக்கிறது.

எனவே, இம்மாதமே சிலவற்றைச் செய்யுங்கள். உங்கள் மாமனாரைப் பங்குத்தந்தையிடம் அழைத்துச் சென்று அறிமுகம் செய்யுங்கள். முப்பத்தைந்து ஆண்டு உபதேசியார் ஒருவர் தம் பங்கில் இருப்பதை அவர் அறிந்தால் மகிழ்வார். உங்கள் குடியிருப்பிலும் அண்டையிலும் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களைக் கேட்டறிந்து, முதியோரும் நோயாளிகளும் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மாமனாரோடு உங்கள் மகனை அனுப்புங்கள். மாடிப்படியில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு துணை வேண்டும்; பேரனுக்கும் செபம் சொல்லும் முறையைக் கற்றுக்கொள்ள ஓர் ஆசான் வேண்டும்.

நோயாளியின் வீட்டார், “குருவானவர் வந்தால் அவர் பயந்துவிடுவார், முடிவு நெருங்கிவிட்டது என்று எண்ணுவார்” எனத் தயங்கக்கூடும். இது பழைய ‘அவஸ்தைப் பூசுதல்’ என்ற பெயரால் வந்த அச்சம். உயிர் பிரியும் வேளைக்கு மட்டும் உரிய அருட்சாதனம் இதுவன்று. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறும் தக்க காலம் வந்துவிட்டது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே கற்பித்தது. உபதேசியாராய் இருந்த உங்கள் மாமனார் இதைப் பக்குவமாய் எடுத்துச் சொல்லுவார். நாளைக்கு அவரே நோயுற்றாலும் இவ்வுண்மையை மறவாதீர்கள்.

பிற குடும்பத்தாருக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டிலும் ஒரு முதியவரோ மூதாட்டியோ இருக்கலாம். ஊரில் செபமாலைக்குத் தலைமை தாங்கியவராய், மரண வீட்டில் விடியுமட்டும் செபம் சொன்னவராய், பிள்ளைகளுக்கு முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்தவராய் இருந்திருக்கலாம். இன்று அவருக்கு வேளாவேளைக்கு உணவும் மருந்தும் கொடுக்கிறோம். தொலைக்காட்சியின்முன் நாற்காலியும் போட்டுக் கொடுக்கிறோம். வேலை மட்டும் கொடுப்பதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான பணிநிலையாக ஏற்படுத்தினார். அதே ஆண்டில் ஜூலை மாத நான்காம் ஞாயிற்றை உலகத் தாத்தா பாட்டியர், முதியோர் நாளாகவும் நிறுவினார். இவ்விரண்டையும் ஒரே வீட்டில் நிறைவேற்றக்கூடிய நல்வாய்ப்பு பொத்தேரியின் அக்குடும்பத்துக்குக் கிட்டியிருக்கிறது. உங்களுள் எத்தனை பேருக்கு அது கிட்டியிருக்கிறதோ, ஆண்டவர் அறிவார்.

அப்பெரியவர் பேரனின் கேள்விக்கு விடை சொல்லாமல் சிரித்தார் என்று கண்டோம். அச்சிரிப்பின் பொருள் இப்பொழுது எனக்கு விளங்குவதுபோல் இருக்கிறது. நம் கோவிலில் ஏன் மூப்பர் இல்லை என்று அப்பிள்ளை கேட்டது ஒரு மூப்பரின் எதிரில் நின்றுகொண்டுதான்.

எண்ணெய்ப் பாத்திரத்தோடு குருவானவர் உங்கள் தெருவுக்கு வரும்போது, எந்த வீடு என்று கைகாட்ட ஒருவரேனும் வாசலில் நிற்கட்டும். இறைவன் உங்கள் இல்லங்களையும் இல்லத்துப் பெரியோரையும் ஆசீர்வதிப்பாராக!